அத்தோ சொல்லும் வியாபாரப் பாடம்

சரக்கு வாங்கச் சென்னை செல்லும் சேலம், நாமக்கல் வணிகர்களாகிய நாம் பர்மா பஜாரை அறிவோம். 1964-இல் பர்மா அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியது. கடையும் முதலும் இழந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்காக 1969-இல் உருவானது அக்கடைவீதி.

மாலையில் அங்கே விற்கும் அத்தோவைக் கவனிப்போம். நூடுல்ஸுடன் முட்டைக்கோஸ், வெங்காயம், புளிக்கரைசல், மிளகாய்த்தூள், பொரித்த பூண்டு. தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப். உணவு பர்மியம், புளி, மிளகாய், பூண்டு நம் மண்டிச் சரக்கு. வந்தவர்களின் நாக்குக்கு ஏற்பக் கடை போட்டார்கள். பிறகு உள்ளூராரும் வாடிக்கையானார்கள்.

இன்று நம் ஊர்க் கோழிப்பண்ணைகளுக்கும் ஆலைகளுக்கும் வடமாநிலத்தார் வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் கேட்கும் கடுகெண்ணெய் நம் கடையில் உண்டா? "இல்லை" என்று அனுப்பிவிடாமல், என்ன சமைக்கிறார்கள் என்று விசாரித்துச் சரக்கு வைப்போம்.