சாவி யார் கையில்?

உங்கள் வீட்டு பீரோ சாவி யாரிடம் இருக்கிறது? 'என்னிடம்தான்' என்பீர்கள். சரி, வீட்டின் தலைமை யாரிடம்?

திருவனந்தபுரத்தில் அனந்தன் மீது பள்ளிகொண்ட ஸ்ரீபத்மநாப சுவாமியை மூன்று வாசல்கள் வழியே தரிசிக்கிறோம் அல்லவா? அந்தப் பெருமாளுக்குத்தான் 1750-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தம் உடைவாளையும் நாட்டையும் சமர்ப்பித்தார். 'திருப்படி தானம்' என்பார்கள். போர்களில் வென்று நாட்டை விரிவாக்கியவர், அதன்பின் 'பத்மநாப தாசன்' என்ற பெயரோடு, இறைவனின் சேவகராகவே ஆட்சி நடத்தினார். அவர் வழிவந்த மன்னர்களும் அப்படியே!

தானம் கொடுத்துவிட்டு அவர் சும்மா இருந்துவிடவில்லை. உழைப்பு அவருடையது, உரிமை பெருமாளுடையது.

நாமோ அடுத்த வீட்டைப் பார்த்து நம் வீட்டை நடத்துகிறோம். அவர்கள் வாங்கினால் நாமும் வாங்க வேண்டும். அவர்கள் பிள்ளை படிப்பதையே நம் பிள்ளையும் படிக்க வேண்டும். மிஞ்சுவது கடனும் மனத்தாங்கலும்தான்.

நாளை காலை விளக்கேற்றியதும் சாவிக்கொத்தைச் சுவாமி முன் வையுங்கள். 'இது உன் வீடு. நான் பார்த்துக்கொள்பவள்' என்று வேண்டிக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பின் எந்த முடிவிலும், 'அடுத்த வீட்டார் என்ன நினைப்பார்கள்?' என்ற கேள்வி எழாது. 'சுவாமிக்கு இது சம்மதமா?' என்றே மனம் கேட்கும்.