அம்பின் வேகத்தை அளப்பது எப்படி?

பினாங்கு, கார்ன்வாலிஸ் கோட்டையில் 1603 ஆம் ஆண்டைச் சேர்ந்த செரி ரம்பாய் பீரங்கியைக் கண்டிருப்பீர்கள். அதன் குண்டும், நுனிகள் முன்புறம் வளைந்த மரபு வில்லின் அம்பும் ஒரே விதிக்கு அடங்கியவை. கிடைமட்டமாகப் பாயும் பொருளும், அதே உயரத்திலிருந்து கைவிட்ட கல்லும் ஒரே நேரத்தில் தரையைச் சேரும். இதனைக் கலிலியோ 1638 இல் விளக்கினார்.

சமதளத் திடலில் 1.25 மீட்டர் உயரத்திலிருந்து கிடைமட்டமாக எய்த அம்பு ஏறத்தாழ அரை விநாடியில் விழும். அது 20 மீட்டர் சென்றிருந்தால், வேகம் விநாடிக்கு 40 மீட்டர். மணிக்கு 144 கிலோமீட்டர்!

இழுக்கக் கடினமான வில்லே விரைவானது என எண்ணலாகாது. ஒரே அம்பை ஒரே அளவு இழுத்துப் பலமுறை எய்து, சராசரி கண்டே இரு விற்களை ஒப்பிட வேண்டும்.

இவ்வேகம் உயிரைப் பறிக்கவல்லது. ஆதலின், ஆள் நடமாட்டமற்ற திடலில், பயிற்றுநர் முன்னிலையில் மட்டுமே சோதிப்பீர்களாக.