காப்பகத்தில் எழுத்து சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு

சென்னையில் வீடற்றோர் காப்பகங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, இந்த வேலையில் முடி நரைத்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

1. பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பத்துப் பேர் நடுவில், "படிக்கத் தெரியுமா?" என்று யாரையும் கேட்காதீர்கள். "கண்ணாடியை விட்டுட்டு வந்துட்டேன், நீங்களே படிச்சிருங்க சார்" என்பார்கள். மானத்தைக் காத்துக்கொள்ள அவர்களுக்கு இருக்கும் வழி அது ஒன்றுதான். அதைப் பறிக்காதீர்கள்.

2. நிஜமாகவே கண்ணாடி தேவைப்படலாம். நாற்பது தாண்டினால் பலருக்குப் பக்கத்திலிருக்கும் எழுத்து மங்கிவிடும். "எனக்கு மண்டையில ஏறாது" என்று அவர் தன்னையே திட்டிக்கொள்வதற்குள் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

3. அ, ஆவில் தொடங்காதீர்கள். 247 எழுத்தையும் வரிசையாக முடிக்க உங்களுக்கு நாள் கிடையாது. இன்றிரவு இங்கே படுத்தவர், நாளை கோயம்பேட்டில் மூட்டை இறக்கிவிட்டு அங்கேயே தூங்கிவிடலாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஏதாவது ஒன்று அவரோடு போக வேண்டும். 1990களின் தொடக்கத்தில், பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுத்த அறிவொளி இயக்கம் கிராமங்களுக்குப் போனபோது 'பட்டா', 'படி' என்றுதான் ஆரம்பித்தது. கிராமத்து ஏழைக்குப் பட்டா எவ்வளவு பெரிய விஷயம்! காப்பகத்தில் அந்த இடத்தில் அவரவர் பெயரை வையுங்கள். 'மாரி' என்று எழுதிவிட்டவருக்கு இரண்டு எழுத்து சொந்தமாகிவிட்டது. அதைக்கொண்டே மாமா, மாவு, ஏரி என்று போகலாம். டிபன் கடைப் பலகையில் 'பூரி'யைப் பார்த்து, "இது என் 'ரி'தானே சார்?" என்று ஓர் அம்மா நடுத்தெருவில் நின்று கேட்டார். அன்று எனக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

4. ஒடியாவோ இந்தியோ பேசுகிறவர்மேல் தமிழ் எழுத்தைத் திணிக்காதீர்கள். அவர் கேட்டால் கொடுங்கள். ஆனால் பஸ் எண், போன் எண், கூலிக் கணக்கு எல்லாருக்கும் வேண்டும்.

5. கையெழுத்துப் போட மட்டும் பழக்கிவிட்டு நிறுத்துவது ஆபத்து. கைநாட்டு வைப்பவருக்கு, எழுதியிருப்பதைப் படித்துக் காட்ட வேண்டும் என்றாவது எதிரில் இருப்பவருக்குத் தோன்றும். கையெழுத்துப் போட்டவர் படித்துப் பார்த்துத்தான் போட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆகவே கையெழுத்தோடு 'ரூபாய்', 'கடன்', 'வட்டி', 'சம்மதம்' இவற்றையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். ஒரு பழைய படிவத்தை வைத்துக்கொண்டு இந்தச் சொற்களை விரலால் தேடச் சொல்லுங்கள்.

6. குழந்தைப் புத்தகம் வேண்டவே வேண்டாம்.

7. படிக்க உட்கார்ந்தால்தான் சாப்பாடு, பாய் என்று வைக்காதீர்கள். நகரத்தில் லட்சம் பேருக்குக் குறைந்தது நூறு பேர் தங்கும் இடம் வேண்டும் என்று தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் விதி வகுத்திருந்தது. அந்த இடம் அவருக்கு உரியது. நாம் போடும் பிச்சை அல்ல. படிப்பு அவராக விரும்பி வருவதாக இருக்கட்டும். வராவிட்டால் மறுநாள் மறுபடி கூப்பிடுங்கள், முகம் சுளிக்காமல்.

8. நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள், அவரிடமே இருக்கட்டும். நனையாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் கவர் கொடுங்கள். அட்டையின் உள்பக்கத்தில் காப்பகத்தின் போன் எண்ணை அவர் கையாலேயே முதல் நாளே எழுதவையுங்கள். எந்த ஊரில் மாட்டிக்கொண்டாலும், யாரிடமாவது போனை வாங்கி உங்களைக் கூப்பிட அது போதும்.