அப்பாவின் பேஸ்மேக்கர்

கேள்வி: அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்து இரண்டு வாரம் ஆகிறது. இடது கையை அசைக்கவே பயப்படுகிறார். இனி தோட்டத்து மோட்டாரைப் போடலாமா?
– ஒரு வாசகி, ஆலங்குடி

பதில்: கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள்பட்டை இறுகிவிடும், அம்மா. உள்ளே செருகிய கம்பி இதயத் தசையில் நன்றாகப் பிடிக்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை முழங்கை தோளுக்கு மேலே போகக் கூடாது. குடம், உரமூட்டை தூக்க வேண்டாம். சாப்பிட, சட்டை போடத் தாராளமாக அசைக்கட்டும்.

மோட்டார் சுவிட்சைப் போடலாம். எர்த் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். ஓடும் மோட்டார்மேல் குனிய வேண்டாம். செல்போன் சட்டைப் பையில் கூடாது.

1958-இல் உலகில் முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர் ஸ்வீடனின் ஆர்னே லார்சன். அந்த முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. பலமுறை மாற்றிக்கொண்டு 86 வயதுவரை வாழ்ந்தார். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

தையல் போட்ட இடம் சிவந்தாலோ வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.