முதலில் பேச விடு

கம்பம்மெட்டு



பாப்பா, நீ டாக்டராக ஓ.பி.யில் உட்கார ஆரம்பித்துவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். வருகிறவர்கள் சுற்றி வளைத்தே பேசுகிறார்கள் என்று சலித்துக்கொண்டாயாம். அதனால்தான் எழுதுகிறேன்.

விடிந்தால் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்புகள் இந்த மலைக்கு ஏறி வரும். உள்ளே நெருக்கியடித்து ஏலக்காட்டுக்குப் போகிற பெண்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. அதனால் முற்றிய பிறகுதான் வருவார்கள். வந்தும் நேராகச் சொல்வதில்லை. "மேலுக்கு முடியல டாக்டரம்மா" என்பார்கள். பிறகு "கிறுகிறுன்னு வருது" என்பார்கள். நீ மாத்திரை எழுதி முடித்து, அந்தம்மா எழுந்து சீட்டை மடித்து இடுப்பில் செருகும்போதுதான், குரலைத் தாழ்த்தி, "ஒண்ணுக்குப் போனா எரியுது தாயி" என்று வரும். வந்ததே அதற்காகத்தான். காட்டில் ஒதுங்க மறைவில்லை என்று பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்திருப்பாள்; நீ கேட்டால் சொல்வாள். கிறுகிறுப்பையும் லேசாக விடாதே. ஏலத்துக்குப் பூச்சிமருந்து அடிப்பது கொஞ்சநஞ்சமல்ல. மருந்தடித்த காட்டில் நின்றாயா என்று ஒரு வார்த்தை கேள்.

பேச விட்டால் பொழுது போய்விடும் என்ற பயம் உனக்கு இருக்கும். 1984இல் அமெரிக்காவில் பெக்மேன், ஃபிராங்கெல் என்ற இருவர், டாக்டரும் நோயாளியும் பேசுவதைப் பதிவுசெய்து கேட்டார்கள். நோயாளி பேசத் தொடங்கி சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். 2002இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் குறுக்கே பேசாமல் பொறுத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் தாமாகவே நிறுத்த எடுத்துக்கொண்டது சராசரியாக 92 நொடி. ஒன்றரை நிமிடம், பாப்பா! வாசலில் நூறு பேர் நிற்கும்போது எல்லோருக்கும் எல்லாம் செய்ய முடியாதுதான். அந்த ஒன்றரை நிமிடத்தையாவது கொடு.

எனக்குச் சர்க்கரை பார்க்கிற மலையாளி டாக்டருக்குத் தமிழ் அரைகுறை. மாத்திரை அட்டைகளை மேஜையில் பரப்பி, எது எப்போது என்று நம்மையே சொல்லச் சொல்வார். தப்பாகச் சொன்னால் முகம் சுளிக்காமல் மறுபடி ஆரம்பிப்பார். அவர் அறையில் பாட்டிகள் தைரியமாகத் தப்புச் சொல்வார்கள். எவ்வளவு பெரிய விஷயம் அது!

மக்கள் பேசுவதைக் கேட்டால் என்ன நடக்கும் என்று தெரிய, தர்மபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியைப் பற்றி விசாரித்துப் பார். ரெஜி ஜார்ஜ், லலிதா இருவரும் ஆலப்புழையில் டாக்டருக்குப் படித்தவர்கள். காந்திகிராமத்தில் வேலை பார்த்துவிட்டு 1993இல் அங்குள்ள பழங்குடி மக்களிடம் போனார்கள். அப்போது அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 150 ஒரு வயதைத் தாண்டவில்லை. ஓலைக் குடிசையில்தான் வைத்தியம் தொடங்கியது. அந்த ஊர்ப் பெண்களையே பழக்கிச் செவிலியர் ஆக்கினார்கள்; பிரசவத்துக்கு வருகிறவளிடம் அவள் ஊர்ப் பேச்சிலேயே பேச ஆள் இருந்தது. குழந்தைச் சாவும் வெகுவாகக் குறைந்தது. பிற்பாடு ஊர் ஊராக நடந்து மக்களிடம் கேட்டபோது விவசாய நஷ்டமும் கடனும் பேச்சில் வந்தன. அது வைத்தியத்தில் சேராது என்று அவர்கள் தள்ளவில்லை. இயற்கை விவசாயிகள் சங்கம் ஒன்று அங்கே உருவானது. என்னைக் கேட்டால் அதுவும் வைத்தியம்தான்.

இன்னொன்று. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதும்போது, துணைக்கு யார் வருவார்கள், வண்டிக்குக் காசு இருக்கிறதா, வீட்டில் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டுவிட்டு எழுது. அந்தச் சீட்டோடு நேராக வீட்டுக்குத் திரும்பிவிட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். உனக்குத் தெரிந்த நர்ஸம்மா அங்கே இருந்தால் அவர் பெயரையும் சீட்டின் பின்னால் எழுதிக் கொடு. போய் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல்தான் பாதிப் பேர் போவதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் பெரியம்மா