லாரி உங்களுடையது, ஆர்.சி. யாருடையது?

கேள்வி: இருபது வருஷம் பிறர் வண்டி ஓட்டிவிட்டு, போன ஆகஸ்டில் ஒரு பழைய பத்து சக்கர லாரி வாங்கினேன். முன்னாள் ஓனர் பெயரில் உள்ள ஃபைனான்ஸ் டியூவை நான் கட்டி முடிப்பதாகப் பத்திரத்தில் எழுதியிருக்கிறோம். ஆர்.சி., இன்சூரன்ஸ் இரண்டும் இன்னும் அவர் பெயரில்தான். புக்கிங் ஆபீசில் வாடகையில் ஒரு சதவீதம் வரி பிடிக்கிறார்கள். டீசலும் டோலும் போனால் கையில் நிற்பது கொஞ்சம்தான். நான் வருமான வரி கட்ட வேண்டுமா?
- வாசகர், நாமக்கல்

பதில்: வரிக்குப் பதில் சுலபம். பத்து சரக்கு வண்டி வரை வைத்திருப்பவர் கணக்குப் புத்தகம் எழுத வேண்டாம். மொத்த எடை 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு, டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று 1961 சட்டத்தின் 44ஏஇ பிரிவே வைத்துக்கொள்கிறது. 2025-இன் புதிய சட்டத்திலும் இந்த முறை தொடர்கிறது. ஆர்.சி.யில் 25 டன் என்று இருந்தால் மாதம் 25,000, வருஷத்துக்கு 3 லட்சம். வண்டி ஷெட்டில் நின்ற மாதத்துக்கும் இதே கணக்குதான். டீசல், டோல், டியூ வட்டி எதையும் இதில் மறுபடி கழிக்க முடியாது. வேறு வருமானம் இல்லையென்றால் உங்களுக்கு வரி வராது. ஆனாலும் ரிட்டர்ன் போடுங்கள். நாளைக்கு வேறொரு வண்டி உங்கள்மீது மோதினால், உங்கள் சம்பாத்தியம் எவ்வளவு என்று தீர்ப்பாயத்தில் காட்ட அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

அந்த ஒரு சதவீதமும் பிடிக்கத் தேவையில்லை. பத்து வண்டிக்கு மேல் இல்லை என்று பான் எண்ணுடன் எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் ஆர்.சி.யைப் பார்த்து பழைய ஓனரின் பான் எண்ணில் பிடித்திருந்தால், பணம் அவர் கணக்கில்தான் நிற்கும். கேட்டுப் பாருங்கள்.

என்னைக் கவலைப்பட வைத்தது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த ஆர்.சி. விஷயம். என்னிடம் ஒரு பெண்மணி, லாரி விபத்தில் இறந்த தன் கணவரின் டிரிப் நோட்டைக் கொண்டுவந்தார். டீசல், டோல், கிளீனர் படி, கட்டிய டியூ எல்லாம் தேதிவாரியாக இருந்தது. ஆர்.சி.யில் வேறொருவர் பெயர், பாலிசியிலும் அவர் பெயரே. ஓனர்-டிரைவருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு யாருக்கு? வண்டி தன் பெயரில் பதிவாகி, பாலிசியும் தன் பெயரில் இருந்து, லைசென்சும் உள்ளவருக்கு மட்டும். இறந்தவரிடம் லைசென்ஸ் மட்டும்தான் இருந்தது. டிரைவர் என்று கேட்கலாமென்றால், அவருக்குச் சம்பளம் கொடுத்த முதலாளியும் இல்லை. அந்த அம்மாவுக்கு என்னால் எதுவும் வாங்கித் தர முடியவில்லை.

வண்டி சேதத்துக்கும் இதே நிலைதான். மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு உங்களுக்கு வந்துவிடும். சொந்த சேதக் காப்பீடு தானாக வராது என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. உங்கள் பத்திரம் ஃபைனான்ஸ் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. டியூ தவறினால் நோட்டீஸ் பழைய ஓனருக்குப் போகும், வண்டியை உங்கள் கையிலிருந்து எடுப்பார்கள்.

பழைய ஓனருக்கும் ஆபத்து உண்டு. விற்றுவிட்டாலும், பதிவு யார் பெயரிலோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்பது 2018 தீர்ப்பு. எஃப்.சி. அல்லது பர்மிட் இல்லாமல் வண்டி ஓடி, இன்சூரன்ஸ் கம்பெனி தான் கட்டிய இழப்பீட்டைத் திரும்பக் கேட்டால், அவருடைய வீடு வாசல்தான் ஜப்திக்கு வரும். இதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். பெயர் மாற்ற அவரே முன்வருவார்.

ஃபைனான்ஸ் கம்பெனியின் சம்மதத்தோடு படிவம் 29, 30 கொடுத்து ஆர்.டி.ஓ. ஆபீசில் பெயரை மாற்றுங்கள். காலம் கடந்ததற்கு அபராதம் வரும், கட்டிவிடுங்கள். கையோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதி, ஓனர்-டிரைவர் காப்பீட்டை உங்கள் பெயரில் எடுங்கள். டியூவை ரொக்கமாகக் கொடுக்காமல் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டுங்கள். ஃபைனான்ஸ் கம்பெனி சம்மதம் தர மறுத்தால், அந்த மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.