சட்டம் செவிசாய்க்கும் இடம்

நுழையும்முன்

அவையில் நிகழும் சொற்போர் நாளிதழ்களில் இடம்பெறுகிறது. குழு அறையில் நிகழும் ஆய்வு பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. ஆயினும், ஒரு சட்டம் செம்மையுறுவது அவ்வறையில்தான். பெண்களின் திருமண வயதைப் பற்றிய சட்டத்தின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

அவையும் குழுவும்

பணிகளைக் குழுக்களிடம் பகிர்ந்தளிக்கும் முறை தமிழர்க்குப் புதிதன்று. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்களைக் குறிப்பிடுகின்றன. இன்றைய நாடாளுமன்றம் மக்களவை, மாநிலங்களவை என்னும் இரண்டு அவைகளைக் கொண்டது. நூற்றுக்கணக்கான உறுப்பினர்கள் கூடும் அவையில் ஒரு மசோதாவின் ஒவ்வொரு பிரிவையும் நுணுகி ஆராய்தல் அரிது. எனவே, அப்பணி குழுக்களிடம் ஒப்படைக்கப்படுகிறது.

துறைசார் நிலைக்குழு ஒவ்வொன்றிலும் மக்களவையினர் 21 பேரும் மாநிலங்களவையினர் 10 பேரும் இடம்பெறுவர். இரண்டு அவையினரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, அதிகாரிகளையும் வல்லுநர்களையும் அழைத்துக் கேட்பர். பொதுமக்களின் கருத்துகளையும் பெறுவர். குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. எனினும், அவை முடிவெடுக்க அது துணைநிற்கும்.

குழு அறையில் மாறிய மசோதா

1927ஆம் ஆண்டில் ஹர்பிலாஸ் சாரதா மத்திய சட்டப்பேரவையில் குழந்தை மணத்திற்கு எதிரான மசோதாவைக் கொண்டுவந்தார். அது இந்துக்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது. பெண்ணின் திருமண வயதை 12 என வரையறுத்தது. வயது குறைந்தோரின் மணம் செல்லாது என்றும் கூறியது. மசோதா தெரிவுக்குழுவிற்கு அனுப்பப்பட்டது. மணம் செல்லாது எனில், மணமான சிறுமியின் நிலை என்னாகும் என்னும் வினா எழுந்தது. தெரிவுக்குழு மசோதாவை எல்லாச் சமயத்தாருக்கும் உரியதாக்கியது. பெண்ணின் வயதை 14 எனவும் ஆணின் வயதை 18 எனவும் உயர்த்தியது. மணத்தைச் செல்லாததாக்குவதற்கு மாறாக, அதனை நடத்துவோர்க்குத் தண்டனை விதித்தது.

இதனிடையே, அரசு அமைத்த ஜோஷி குழு மாகாணங்கள்தோறும் சென்று சாட்சியம் கேட்டது. ராமேஸ்வரி நேரு உள்ளிட்ட பெண்களும் அதில் இடம்பெற்றனர். 1929 செப்டம்பரில் மத்திய சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் மசோதாவை நிறைவேற்றின. 1930 ஏப்ரல் முதல் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

புதுக்கோட்டையின் குரல்

அதே காலத்தில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இக்கோரிக்கைக்காக வாதாடியவர் மருத்துவர் முத்துலெட்சுமி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த அவர், அங்குள்ள மன்னர் கல்லூரியில் பயின்ற முதல் மாணவி; சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர்; அதன் துணைத்தலைவராகவும் பணியாற்றியவர். இளவயதுப் பேறுகாலத்தின் துன்பத்தை மருத்துவர் என்னும் நிலையில் அறிந்திருந்த அவர், பெண்ணின் திருமண வயது 16 ஆக வேண்டும் என வலியுறுத்தினார்.

இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவின் ஒரே பெண் உறுப்பினரும் அவரே. கல்வி வளர்ச்சித் திட்டங்களில் பெண்கல்விக்கு முன்னுரிமை அளிக்க வேண்டும் என 1929இல் அக்குழு பரிந்துரைத்தது.

யார் அமர்கிறார்?

1978ஆம் ஆண்டின் திருத்தம் பெண்ணின் திருமண வயதை 18 ஆக உயர்த்தியது. அதனை 21 ஆக்கும் மசோதா 2021 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாகி, நிலைக்குழுவிற்கு அனுப்பப்பட்டது. அப்போது அக்குழுவில் பெண் உறுப்பினர் ஒருவரே இருந்தார். பெண்களின் வாழ்வைப் பற்றிய மசோதாவைப் பெண்கள் ஏறத்தாழ இல்லாத குழு ஆராயலாமா என்னும் விவாதம் நாடெங்கும் எழுந்தது. 2024இல் மக்களவை கலைக்கப்பட்டபோது அம்மசோதா காலாவதியானது.

குழு என்பது சட்டத்தின் செவி. அச்செவிக்கு எட்டாத துன்பம் சட்டத்தில் இடம்பெறுவது அரிது. ஆகவே, குழு உள்ளதா என்பதுடன், அதில் அமர்வோர் யார், அழைத்துக் கேட்கப்படுவோர் யார் என்று வினவுவதும் குடிமக்களின் கடமையாகும்.

கற்பவை கற்றபின்

1. தெரிவுக்குழு சாரதா மசோதாவில் செய்த மாற்றங்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் இன்றியமையாதது எது எனக் காரணத்துடன் எழுதுக.
2. திருமண வயது குறித்து நிலைக்குழு உங்கள் கருத்தைக் கேட்பதாகக் கருதி, அக்குழுவின் தலைவருக்குக் கடிதம் எழுதுக.